ஸ்வாமி ஆடாத ஆட்டம்

ஆர்.கே.நாராயண் தன் முதல் நாவலுக்கு முதலில் வைத்திருந்த பெயர் ‘ஸ்வாமி, தி டேட்’. டேட் என்பது மாரிஸ் டேட், இங்கிலாந்தின் அந்தக் காலத்துப் பந்து வீச்சாளர். மால்குடி என்ற கற்பனை ஊரில் பந்து போடுகிற ஒரு சின்னப் பையனுக்கு அவன் சேக்காளிகள் வைக்கும் பட்டப்பெயர் அது. கையெழுத்துப் பிரதி ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த ஒரு நண்பர் வழியாக கிரஹாம் கிரீனிடம் போய்ச் சேர்ந்தது. கிரீன் அதற்குப் பதிப்பாளரையும் பிடித்துக் கொடுத்தார், தலைப்பையும் மாற்றச் சொன்னார். 1935-ல் ஹாமிஷ் ஹாமில்டன் வெளியிட்டபோது புத்தகத்தின் பெயர் ‘ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’. கிரிக்கெட் தலைப்பிலிருந்து இறங்கிப் போய்விட்டது. சிநேகிதம் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஐம்பது வருஷம் கழித்து, 1986-ல், ஷங்கர் நாக் இயக்கத்தில் ‘மால்குடி டேஸ்’ தூர்தர்ஷனுக்கு வந்தது. தொடரில் பல சிறுகதைகள் உண்டு. தபால்காரர், ஜோசியர், ஆடு மேய்க்கும் கிழவர் என்று வாரம் ஒரு ஆள் வந்து போவார். ஆனால் இன்றைக்கு யாரிடம் கேட்டாலும் ஞாபகம் வருவது குல்லாய் வைத்த அந்தப் பையன்தான். ஸ்வாமியின் கதை ஒரு வாரத்தில் முடியாமல் பல வாரங்கள் ஓடியது. அதே வீடு, அதே தெரு, அதே நாலைந்து பசங்க, சின்னச் சின்னச் சிக்கல்கள், நடுவில் ஒரு கிரிக்கெட் டீம். நம் நாட்டுத் தொலைக்காட்சியின் ஆரம்ப காலத்தில் விளையாட்டை வைத்து வந்த சிட்காம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். பின்னணிச் சிரிப்புச் சத்தம் கிடையாது, ஸ்டூடியோ சோபா கிடையாது. மற்றபடி சிட்காமுக்கு வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது.

யூடியூபில் இதை முழுசாக உட்கார்ந்து பார்த்தேன், பிறகு நாவலையும் திரும்பப் படித்தேன். எனக்குத் தோன்றியது இது: இந்தக் கதையின் பெரிய பலமும் பெரிய பலவீனமும் ஒரே கேள்விக்குள் இருக்கின்றன. மைதானத்தில் யார் இல்லை?

1

விளையாட்டை வைத்து நகைச்சுவைத் தொடர் எடுப்பதில் ஒரு அடிப்படைச் சிக்கல் உண்டு. நிஜ ஆட்டத்தின் சுவாரசியம் முடிவு தெரியாததில் இருக்கிறது. எழுதி வைத்த ஆட்டத்துக்கு முடிவு முதலிலேயே தெரியும். கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்தால் அது எழுத்தாளர் அடித்த சிக்ஸர். அதனால் நல்ல தொடர்கள் ஆட்டத்தைவிட்டு ஒதுங்கி நின்றே கதை சொல்லியிருக்கின்றன.

அமெரிக்காவில் 1982-ல் தொடங்கிய ‘சியர்ஸ்’ தொடரின் நாயகன் சாம் மலோன் முன்னாள் பேஸ்பால் வீரன். நாம் பார்ப்பது அவன் நடத்தும் பாரை. 1998-லிருந்து 2000 வரை ஏ.பி.சி.யில் வந்த ‘ஸ்போர்ட்ஸ் நைட்’ இன்னும் ஒரு படி மேலே போனது. ஆரன் சோர்கின் எழுதிய அந்தத் தொடரின் நாயகர்கள் விளையாட்டுச் செய்தி வாசிப்பவர்கள். ஆட்டம் எங்கேயோ நடக்கும், இவர்கள் ஸ்டூடியோவில் நின்று பேசிக்கொண்டே இருப்பார்கள். அதற்குச் சேனல் பின்னணிச் சிரிப்பைத் திணித்தது, தொடர் மெல்ல மெல்ல அதைக் கழற்றிப் போட்டது. ரெண்டே சீசன், 45 அத்தியாயம். நம் தலைமுறைக்குத் தெரிந்த ‘டெட் லாஸோ’வும் அதே வம்சம்தான். கால்பந்தைவிட கால்பந்து வீரர்களின் உடை மாற்றும் அறை அதில் முக்கியம்.

நாராயண் இந்தச் சூட்சுமத்தை 1930-களிலேயே பிடித்துவிட்டார். ஸ்வாமியின் கிரிக்கெட் கதையில் கிரிக்கெட் ரொம்பக் குறைச்சல். டீமுக்குப் பேர் வைப்பதுதான் முதல் அத்தியாயம். கடைசியில் எம்.சி.சி. என்று வைக்கிறார்கள், மால்குடி கிரிக்கெட் கிளப். லண்டனில் இருந்த மேரிலிபோன் கிரிக்கெட் கிளப்பின் சுருக்கப் பெயரும் அதுதான். உலகக் கிரிக்கெட்டின் சட்டதிட்டங்களை எழுதுகிற இடத்தின் பெயரை நாலு பசங்க சும்மா எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். உடனே பயம் வருகிறது: டீம் வைத்தால் சர்க்காருக்கு வரி கட்ட வேண்டுமோ?

அடுத்தது மட்டையும் பந்தும். மதராஸ் மவுண்ட் ரோட்டில் இருக்கிற பின்ஸ் என்ற விளையாட்டுச் சாமான் கடைக்குக் கடிதம் போடுகிறார்கள். கடைக்காரர் 25 சதவீதம் முன்பணம் அனுப்புங்கள், மீதியை வி.பி.பி.யில் கட்டலாம் என்று பதில் எழுதுகிறார். பசங்களுக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. வேறு யாருக்கோ வரவேண்டிய கடிதம் நமக்கு மாறி வந்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள்.

இதில் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று கவனித்தால் நாராயணின் கெட்டிக்காரத்தனம் தெரியும். பெரியவர்களின் உலகம் ஒன்று இருக்கிறது: வரி, முன்பணம், படிவம், முத்திரை. அதை அப்படியே நடித்துப் பார்ப்பதுதான் பசங்களின் உண்மையான விளையாட்டு. கிரிக்கெட் அதற்கு ஒரு சாக்கு. எங்கள் சின்னமனூர்ப் பக்கம் டென்னிஸ் பால் டீம் ஆரம்பிக்கிற எந்தப் பசங்களும் முதலில் செய்வது இதைத்தான். பந்து வாங்கக் காசு தேறியிருக்காது. ஆனால் கேப்டன், வைஸ் கேப்டன், பொருளாளர் எல்லாம் தேர்வாகியிருக்கும். டீ-ஷர்ட்டின் முதுகில் என்ன நம்பர் போடுவது என்பதில் ஒரு சண்டையும் முடிந்திருக்கும்.

2

தொடரின் இரண்டாவது பலம், அந்தப் பெரிய மேட்ச்.

யங் மென்ஸ் யூனியன் என்ற டீமோடு மேட்ச் ஏற்பாடாகிறது. டேட் இல்லாமல் டீம் கிடையாது. ஆனால் ஸ்வாமியால் பிராக்டிஸுக்கு வர முடிவதில்லை. ஏன் என்பதை ஒரு என்ஜினீயராக எனக்குப் பின்னோக்கித் தேடிப் பார்க்கப் பிடித்திருந்தது. பிராக்டிஸுக்கு வர முடியவில்லை, ஏனென்றால் பள்ளி விட்ட பிறகு டிரில் வகுப்பு கட்டாயம். டிரில் கட்டாயம், ஏனென்றால் அது போர்டு ஹைஸ்கூல். போர்டு ஹைஸ்கூலுக்கு வந்தது, அவன் முன்பு படித்த ஆல்பர்ட் மிஷன் பள்ளியை விட்டு ஓடியதால். ஓடியது, அந்தப் பள்ளியின் ஜன்னலில் கல்லெறிந்ததால். கல்லெறிந்தது, ஒரு காங்கிரஸ்காரர் பம்பாயில் கைதானதைக் கண்டித்து ஊரில் நடந்த கூட்டத்தில் அவனும் நின்றதால். நாவல் அந்தக் கூட்டத்துக்குத் தேதியே கொடுக்கிறது: 1930 ஆகஸ்ட் 15. அது பின்னாளில் என்ன நாளாகும் என்று எழுதிய நாராயணுக்கும் தெரியாது.

ஒரு தேசத்தின் அரசியல், ஐந்தாறு படி இறங்கி வந்து, ஒரு பையனின் பந்து வீச்சை நிறுத்திவிடுகிறது. இதைக் கதை எங்கும் விளக்கிச் சொல்வதில்லை. படிகளை மட்டும் வரிசையாக வைத்துவிட்டுப் போகிறது.

பிறகு நடப்பது நகைச்சுவையின் விளிம்பு. டிரில்லிலிருந்து விலக்குக் கேட்டு ஸ்வாமி ஒரு டாக்டரிடம் போகிறான். அவர் ஹெட்மாஸ்டரிடம் பேசிக்கொள்கிறேன் என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவைக்கிறார், பேசுவதில்லை. வகுப்பில் ஹெட்மாஸ்டர் பிரம்பை எடுக்கும்போது ஸ்வாமி அதைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டு ஓடுகிறான். ஓடி, மெம்பிக் காட்டில் தொலைந்து, காட்டிலாகா அதிகாரி ஒருவர் உதவியால் வீடு திரும்பும்போது மேட்ச் முடிந்துவிட்டது. எம்.சி.சி. தோற்றுவிட்டது.

விளையாட்டுக் கதைகளின் இலக்கணத்தில் இது பெரிய மீறல். நாயகன் மேட்சில் ஜெயிக்கலாம், வீரமாகத் தோற்கலாம். இவன் ஆடவே இல்லை. அன்றைக்கு என்ன தேதி என்பதே அவனுக்குக் குழம்பிப் போயிருந்தது. நான் பார்த்த எந்த விளையாட்டுக் கதையும் இவ்வளவு உண்மையாக இல்லை. நம்மில் பெரும்பாலானோருக்கு மைதானத்தோடு இருந்த உறவு தோற்றதால் முடியவில்லை, வர முடியாமல் போனதால் முடிந்தது. பத்தாம் வகுப்பில் பி.இ.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டார். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ். லீவில் ரிவிஷன். பெரியகுளத்தில் வருஷா வருஷம் கோடையில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கும். நாட்டின் பெரிய அணிகளெல்லாம் வந்து, மின்விளக்கு வெளிச்சத்தில் ஆடும். அப்படியொரு போட்டியைப் பக்கத்து ஊரில் வைத்துக்கொண்டு, எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கூடைப்பந்தைத் தொட்டதில்லை. அட்டவணை அப்படி.

டிரில்லுக்கும் ஆட்டத்துக்கும் உள்ள சண்டைதான் ஸ்வாமியின் கதை. ரெண்டிலும் உடம்பு வேர்க்கும். ஒன்றில் வருகைப் பதிவேடு இருக்கிறது, மற்றதில் சிநேகிதம் இருக்கிறது. கிரீன் தலைப்பை மாற்றச் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கிறது.

3

தொலைக்காட்சி இந்தக் கதைக்கு என்ன சேர்த்தது?

முதலில் ஒரு முகம். மாஸ்டர் மஞ்சுநாத்தின் கண்கள் பொய் சொல்லும்போது ஒரு மாதிரியும் பயப்படும்போது ஒரு மாதிரியும் விரியும். அப்பாவாக கிரிஷ் கர்னாட். அந்த அப்பா வில்லன் இல்லை, நல்லவராகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து வருகிற குரல் அவர். அடுத்து ஓர் ஊர். கர்நாடகத்தின் மலைநாட்டில், மழைக்குப் பேர்போன ஆகும்பேயில் படம் பிடித்தார்கள். ஈரமான ஓட்டு வீடுகள், மண் தெரு. மூன்றாவது கோடுகள். நாராயணின் தம்பி ஆர்.கே.லக்ஷ்மண் வரைந்த சித்திரங்கள். நாலாவது இசை. அந்தப் புகழ்பெற்ற முகப்பு இசை எல்.வைத்தியநாதனுடையது. ‘ஏழாவது மனிதன்’ படத்துக்கும் வசனமே இல்லாத ‘பேசும் படம்’ படத்துக்கும் இசையமைத்தவர்.

இந்த நாலும் சேர்ந்து செய்த வேலை பெரியது. ஏனென்றால் தொடர் நம்மிடம் வந்த மொழி இந்தி.

இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. ஸ்வாமிநாதன், ராஜம், மணி, சோமு, சங்கர். அத்தனையும் தமிழ்க் காது உடனே அடையாளம் காணும் பெயர்கள். அதை எழுதியவர் மதராஸில் பிறந்த தமிழர், எழுதியது ஆங்கிலத்தில். நடித்தவர்களில் பலர் கன்னடர்கள், நடித்தது இந்தியில். முதல் 13 அத்தியாயங்களை ஆங்கிலத்திலும் எடுத்தார்கள், தமிழில் எடுக்கவில்லை. அதே 1986 நவம்பரில்தான் இங்கே இந்தித் திணிப்புக்கு எதிராக தி.மு.க. அரசியல் சட்டத்தின் மொழிப் பகுதியை எரித்தது. அதற்காக க.அன்பழகன் உட்பட பத்துப் பேர் சட்டமன்ற உறுப்பினர் பதவியை இழந்தார்கள். அந்த நேரத்தில் ராத்திரியானால் தேசிய ஒளிபரப்பு என்ற பெயரில் வீட்டுக்குள் வந்து விழுந்தது இந்தி. ஒரு தமிழ்ப் பையன் தன் பாட்டியிடம் இந்தியில் கதை கேட்டான்.

எங்கள் பள்ளத்தாக்குக்குத் தூர்தர்ஷன் கொடைக்கானல் மலைக் கோபுரத்திலிருந்து வந்தது. எண்பதுகளின் கடைசியில் எங்கள் தெருவில் ஒரே ஒரு டிவிதான் என்பாள் அம்மா. மால்குடி பார்த்திருக்கியா, இந்தி புரிஞ்சுதா என்று கேட்டேன். “இந்தி எவனுக்குத் தெரியும்? அந்தப் பய மூஞ்சியப் பாத்தாலே போதும்டா, என்ன திருட்டுத்தனம் பண்ணிட்டு வந்துருக்கான்னு தெரிஞ்சுரும். அவுக அப்பா பேப்பரக் கீழ வச்சாரு, அம்புட்டுத்தேன், நாங்க சிரிக்க ஆரம்பிச்சுருவோம்” என்றாள்.

இது தொடரின் வெற்றிக்கு நல்ல சாட்சி. மொழி புரியாமலேயே ஒரு நகைச்சுவை வேலை செய்தது என்றால், அதன் சூழ்நிலைகள் அவ்வளவு சரியாக அமைந்திருந்தன என்று அர்த்தம். நமக்கு நடந்த இழப்புக்கும் அதுவே சாட்சி. அம்மா பார்த்தது பாதித் தொடர். கடைக்குக் கடிதம் எழுதும் காட்சியின் நகைச்சுவை சொல்லில் இருக்கிறது. டீமுக்குப் பேர் வைக்கிற சண்டை சொல்லில் இருக்கிறது. அது அவளுக்குக் கிடைக்கவில்லை. தன் ஊர்ப் பையனின் கதையை ஊமைப் படமாகப் பார்த்த தலைமுறை அது.

4

இனி நான் தலைப்பில் சொல்லாத இன்னொரு பையன். அவன் பெயர் கறுப்பன்.

நாவலில் ராஜமும் மணியும் ஸ்வாமியும் ஒருநாள் ரோட்டில் நின்றுகொண்டு ஒரு மாட்டு வண்டியை மறிக்கிறார்கள். ஓட்டி வருவது ஒரு கிராமத்துச் சின்னப் பையன். இவர்கள் தங்களை சர்க்கார் போலீஸ் என்று சொல்லிக்கொள்கிறார்கள். ராஜத்தின் அப்பா நிஜமாகவே போலீஸ் சூப்பிரண்டெண்டெண்ட், அந்தத் தோரணை அவனுக்குச் சுலபமாக வரும். பேர் என்ன? கறுப்பன். வயசு? தெரியலைங்க. நூறு என்று எழுதிக்கொள்கிறார்கள். அவன் பதறிப் போய் நூறு இல்லைங்க என்கிறான். மிரட்டி, சக்கரத்தைச் சோதித்து, ஒரு துண்டுக் காகிதத்தில் பாஸ் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அவன் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறான். நாவலை விட்டும் போய்விடுகிறான்.

முதல் தடவை படிக்கும்போது சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. பின்ஸ் கடைக் கடிதத்தில் இருக்கிற அதே நகைச்சுவை உத்திதான் இங்கேயும், பெரியவர்களின் அதிகாரத்தை நடித்துப் பார்ப்பது. ஆனால் கடைக் கடிதத்தில் நடிப்பு மேல்நோக்கிப் போகிறது, தோற்பது பசங்களே. கறுப்பன் காட்சியில் நடிப்பு கீழ்நோக்கி இறங்குகிறது, தோற்பது அவன். மால்குடியின் நகைச்சுவைக்கு இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை என்பதுதான் என் புகார்.

இதே நாவலில் ஸ்வாமியின் காசை ஏமாற்றி வாங்கிக்கொள்வது ஒரு வண்டிக்காரன், கூடச் சேர்ந்து கேலி செய்வது அவன் மகன். உழைக்கிற வீட்டுப் பையன் ஒன்று ஏமாளி, இல்லையென்றால் ஏமாற்றுக்காரன். எம்.சி.சி.க்கு ஆள் தேடும்போது யாரும் அவர்கள் பக்கம் திரும்புவதில்லை. அவ்வளவு தூரம் மாட்டை அடக்கி வண்டி ஓட்டுகிறவனின் தோள்வலுவில் ஒரு நல்ல பந்து வீச்சாளன் இருந்திருக்கலாம்.

நாராயணுக்கு இது தெரியாத உலகம் என்றும் சொல்லிவிட முடியாது. பிராமணரல்லாதாரின் உரிமைக்காக மதராஸிலிருந்து வந்த ‘ஜஸ்டிஸ்’ பத்திரிகைக்குச் செய்தியாளராகச் சில காலம் வேலை பார்த்தவர் அவர். தகவல் தெரியும். கதைக்குள் அந்தத் தகவலுக்கு இடம் கொடுக்கவில்லை.

தொடர் மூலத்துக்கு மிகுந்த விசுவாசத்தோடு எடுக்கப்பட்டது. ‘கைடு’ சினிமாவில் தன் கதைக்கு நேர்ந்ததைப் பார்த்து நாராயண் நொந்துபோய்க் கட்டுரையே எழுதியிருக்கிறார். அந்த விதத்தில் மால்குடி டேஸ் மரியாதையான வேலை. ஆனால் ஐம்பது வருஷம் கழித்து எடுக்கிறவர்களுக்கு மூலத்தில் இல்லாத ஒரு வசதி இருந்தது, இடையில் நடந்த ஐம்பது வருஷம். அதை அவர்கள் உபயோகிக்கவில்லை. தெரு அழகாக இருந்தது, குல்லாய் அழகாக இருந்தது, கறுப்பனுக்கு டீமில் இடம் இல்லாமலே இருந்தது. பெண் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த உலகத்தில் பெண்கள் அம்மாவும் பாட்டியும்தான், வாசலைத் தாண்டி மைதானம் வரை வருகிற பெண் யாரும் இல்லை. ஏக்கத்தோடு ஒரு காலத்தைப் பார்த்தால் வருகிற நோய் இது. பழைய வீட்டின் தூண் தெரியும், அந்த வீட்டுக்குள் யார் வர முடியாது என்பது தெரியாது.

5

கறுப்பனின் டீமை நம் சினிமா 2009-ல் எடுத்தது. சுசீந்திரனின் முதல் படம், ‘வெண்ணிலா கபடிக்குழு’. பழநிப் பக்கத்துக் கிராமம், ஆடு மேய்க்கிற நாயகன். ஆட்டம் கபடி. அதற்குப் பின்ஸ் கடை வேண்டாம், 25 சதவீத முன்பணம் வேண்டாம். கோடு போட ஒரு கை மண் போதும். சூரி பரோட்டா சாப்பிடும் காட்சியை நாடே பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு கடைக்காரரின் கணக்குக்கு எதிராக ஒரு பசித்த வயிறு போடும் பந்தயம். நகைச்சுவை மேல்நோக்கிப் போகிறது. சாதி அந்தப் படத்தில் மைதானத்துக்கு உள்ளேயே நிற்கிறது, யாரும் அதைப் பார்க்காத மாதிரி நடிப்பதில்லை.

ஆனால் மால்குடியின் பலம் அந்தப் படத்தில் இல்லை. அந்தக் குழு ஜெயித்தே ஆக வேண்டும், நாயகன் ஆட்டக் களத்திலேயே சாக வேண்டும். கறுப்பன் டீமில் சேர்ந்தால் உயிரைக் கொடுத்துதான் அந்த இடத்தை நியாயப்படுத்த வேண்டுமா? ஸ்வாமிக்குக் கிடைத்த சலுகையை யோசித்துப் பாருங்கள். அவன் மேட்சுக்கே வரவில்லை, டீம் தோற்றது, அப்படியும் அவன் கதை நாயகன். தோற்றுப் போகவும், தேதியை மறந்து போகவும், அதற்குப் பிறகும் நம் பிரியத்துக்கு உரியவனாக இருக்கவும் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கிற உரிமை அது. அந்த உரிமையை எந்த வீட்டுப் பையனுக்குக் கொடுக்கிறோம், எவனிடம் உயிரைக் கேட்கிறோம் என்பதில்தான் நம் விளையாட்டுக் கதைகளின் அரசியல் இருக்கிறது.

ஷங்கர் நாக் 1990-ல் சாலை விபத்தில் இறந்துபோனார். 35 வயசு. 2006-ல் கவிதா லங்கேஷ் இயக்கத்தில் மேலும் சில அத்தியாயங்கள் வந்தன. தொடர் படமாக்கப்பட்ட இடங்களில் ஒன்றான அரசாளு ரயில் நிலையத்தில் ரயில்வே இப்போது ஒரு மால்குடி அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. ரயில் நிலையத்தில் வைத்தது பொருத்தம்தான். நாவலின் கடைசிக் காட்சி பிளாட்பாரத்தில் நடக்கிறது. ராஜத்தின் அப்பாவுக்கு வேற ஊருக்கு மாற்றல். மேட்சில் கைவிட்டதால் ராஜம் ஸ்வாமியோடு பேசுவதில்லை. ஸ்வாமி ஒரு கதைப் புத்தகத்தைக் கொண்டுபோய், நகர்கிற ரயிலுக்குள் எப்படியோ சேர்த்துவிடுகிறான். ராஜம் ஏதோ சொல்கிறான், ரயில் சத்தத்தில் கேட்கவில்லை. மன்னித்தானா இல்லையா? பசங்களின் சண்டையில் பதில் தெரியாமல் போகிற கேள்விகள் எவ்வளவு என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

இன்றைக்கு யாராவது இந்தத் தொடரைத் தமிழில் திரும்ப எடுப்பதாக இருந்தால் நான் கேட்பது ரெண்டே விஷயம். ஸ்வாமி மேட்சுக்கு வராமலே இருக்கட்டும், அதில் கை வைக்க வேண்டாம். அவன் இல்லாத அந்த மேட்சில் பந்து போட ஒரு ஆள் குறைகிறது. அந்த இடத்துக்கு, ரோட்டில் போகிற மாட்டு வண்டியை இன்னொரு தரம் நிறுத்தலாம். இந்தத் தடவை வயசைக் கேட்க வேண்டாம். பந்து போடத் தெரியுமா என்று கேட்டால் போதும்.